'பமேலா'வை முடித்தேன், எரிச்சல் அடங்கவில்லை: பழைய ஆங்கிலக் குடும்ப நாவல்களில் கல்யாணமும் ஒழுக்கமும்

தாழ்வாரம்

மூன்று வாரமாக இழுத்துக்கொண்டே போன சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமேலா'வை நேற்று ராத்திரி ஒருவழியாக முடித்தேன். 1740இல் வந்த புத்தகம். ஆங்கிலக் குடும்ப நாவலுக்கு இதுதான் பிள்ளையார் சுழி என்று பல இடங்களில் படித்துவிட்டு எடுத்தது.

படிக்காதவர்களுக்காகக் கதை. பமேலா 15 வயது வேலைக்காரப் பெண். அவளுக்கு எழுத்தும் கணக்கும் தையலும் கற்றுக்கொடுத்த எஜமானியம்மா இறந்துபோக, வீடு மகன் கைக்கு வருகிறது. அந்த ஆளுக்கு நாவல் முழுக்கப் பெயரே கிடையாது, வெறும் 'மிஸ்டர் பி.'தான். அவன் அவளை விடாமல் துரத்துகிறான். 'சரி, உன் அப்பா அம்மாவிடமே போ' என்று வண்டி ஏற்றிவிட்டு, வண்டிக்காரனை வைத்தே லிங்கன்ஷயரில் இருக்கும் தன் இன்னொரு பங்களாவுக்குக் கடத்திவிடுகிறான். அங்கே காவலுக்கு மிஸஸ் ஜூக்ஸ் என்று ஒரு அம்மாள். ஒரு ராத்திரி, குடித்துவிட்டுத் தூங்குகிற வேலைக்காரி மாதிரி வேஷம் போட்டு அறை மூலையில் உட்கார்ந்திருந்து, விளக்கை அணைத்ததும் படுக்கைக்கே வந்துவிடுகிறான், அந்த ஜூக்ஸ் இவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மயக்கம் போட்டு விழுந்ததால் தப்பித்தாள்.

இத்தனைக்கும் அப்புறம் அவன் இவளுடைய கடிதங்களைப் படித்து மனம் இளகிக் கல்யாணம் செய்துகொள்கிறான், இவளும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே கட்டிக்கொள்கிறாள். அங்கேயாவது முடித்தாரா என்றால் இல்லை, அதற்கப்புறமும் பக்கம் பக்கமாக 'என் எஜமானர் எவ்வளவு நல்லவர்'.

புத்தகத்தின் துணைத் தலைப்பு 'நற்குணத்துக்குக் கிடைத்த பரிசு'. அடைத்துவைத்தவனே பரிசாக வந்து நிற்பதை எப்படி ஒழுக்க போதனை என்று விற்றார்கள்? அந்தக் காலத்து ஜனங்களுக்கு இது உறுத்தவே இல்லையா?

கடலைமிட்டாய்

உறுத்தியது அக்கா, ஆனால் உங்களுக்கு உறுத்துகிற காரணத்துக்காக இல்லை. 1741 ஏப்ரலிலேயே 'ஷாமெலா' வந்துவிட்டது. ஹென்றி ஃபீல்டிங் புனைபெயரில் எழுதிய கிண்டல் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதில் வரும் பமேலா ஒரு கைகாரி. கற்பு கற்பு என்று வாயால் சொல்லிக்கொண்டே தன் விலையை ஏற்றிக்கொண்டு போவாள். அந்த 'வெர்ச்சூ' என்ற சொல்கூட அவள் வாயில் சரியாக நுழையாது, 'வார்ச்சூ' என்பாள். எலைசா ஹேவுட் அதே வருடம் 'ஆன்ட்டி பமேலா' என்று இன்னொன்று எழுதினார்.

வசதியான வீட்டுக்காரர்களின் பயமே வேறு. நம் வீட்டுப் பையனை வேலைக்காரி வளைத்துப்போட இந்தப் புத்தகம் வழி சொல்லிக்கொடுக்கிறதே என்பதுதான். அந்தப் பெண் அடைபட்டுக் கிடந்ததைப் பற்றி அவர்களில் யார் கவலைப்பட்டார்கள்?

வக்கீல்குமாஸ்தா

ஒரு இடத்தை எல்லாரும் அவசரமாகத் தாண்டிவிடுகிறீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மிஸ்டர் பி. ஒரு ஒப்பந்தம் எழுதி நீட்டுகிறான், ஷரத்து ஷரத்தாக. ஆசைநாயகியாக இருக்கச் சம்மதித்தால் உடனே 500 கினி (அந்தக் காலத் தங்க நாணயம்) ரொக்கம், கென்ட்டில் நிலம், வைர மோதிரம், துணிமணி, பெற்றோருக்கும் பிழைப்புக்கு வழி. கடைசி ஷரத்துதான் அழகு, ஒரு வருடம் சேர்ந்து இருந்து பார்த்துவிட்டுத் திருப்தியாக இருந்தால் கல்யாணத்தைப் பற்றியும் யோசிக்கலாமாம். பமேலா ஒவ்வொரு ஷரத்துக்கும் நேர் எதிரே பதில் எழுதித் திருப்பித் தருகிறாள். நோட்டீசுக்குப் பதில் நோட்டீஸ். எனக்கு நாவலின் உச்சம் அந்த இரண்டு மூன்று பக்கம்தான். நாவலின் ஆரம்பத்தில் நான்கு கினி கிடைத்ததற்கே ஊருக்குக் கடிதம் எழுதிப் பூரித்த பெண், 500 கினியை வேண்டாம் என்கிறாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம். 1740இல் எது கல்யாணம், எது கல்யாணம் மாதிரி என்பதே பெரிய குழப்பம். லண்டனில் ஃப்ளீட் என்று ஒரு கடன்காரர் சிறை. அதைச் சுற்றியிருந்த சந்துகளில் காசு கொடுத்தால் போதும், முன்கூட்டி அறிவிப்பும் வேண்டாம், லைசன்சும் வேண்டாம், கட்டிவைக்கப் பாதிரிமார் காத்திருந்தார்கள். அதனால் போலிப் பாதிரியாரை வைத்து நாடகக் கல்யாணம் நடத்தி ஏமாற்றுவது என்பது வாசகனுக்கு நம்பக்கூடிய பயம். மிஸ்டர் பி.யும் அப்படி ஒரு திட்டம் வைத்திருந்தான், குறி சொல்கிற பெண் ஒருத்தி மூலமாக பமேலாவுக்கு எச்சரிக்கைச் சீட்டு வருகிறது. மனைவிக்கும் 'கெட்டுப்போனவளுக்கும்' நடுவில் இருந்தது ஒரு பாதிரியார் அசலா போலியா என்ற கேள்விதான்.

ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் 1753இல் நிறைவேறி 1754 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தபிறகுதான் சர்ச்சில் மூன்று ஞாயிறு அறிவிப்பு அல்லது முறையான லைசன்ஸ், 21 வயதுக்குக் குறைந்தவர்கள் லைசன்சில் கட்டிக்கொண்டால் பெற்றோர் சம்மதம் என்று கறாரானது. ஸ்காட்லாந்துக்கு அது பொருந்தாது என்பதால் ஓடிப்போகிறவர்கள் எல்லாரும் எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள், பின்னால் வந்த நாவல்களும் அவர்கள் பின்னாலேயே ஓடின.

அச்சுக்கோப்பவன்

நான் ரிச்சர்ட்சன் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அச்சாபீஸ்காரர், அதனாலும் இருக்கலாம்.

ரிச்சர்ட்சன் காலேஜ் பக்கம் போனவர் இல்லை. அச்சகத்தில் கைப்பழக்கம் பழகி முதலாளியானவர், 'பமேலா' வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 13 வயதுப் பையனாக இருந்தபோது ஊர்ப் பெண்கள் தங்கள் காதலர்களுக்குக் கடிதம் எழுதித் தரச்சொல்லி இவரிடம் வருவார்களாம், அவரே எழுதிவைத்திருக்கிறார். பெண் குரலில் எழுதுகிற கை அங்கேதான் பழகியிருக்கிறது.

பிற்காலத்தில் இரண்டு புத்தக வியாபாரிகள், சாதாரண ஜனங்களுக்கு மாதிரிக் கடிதத் தொகுப்பு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அதில் ஒரு ஜோடிக் கடிதம் உண்டு. எஜமானன் தப்பாக நடக்கப் பார்த்தான் என்று கேள்விப்பட்டு, வீட்டுவேலை செய்கிற மகளுக்கு அப்பா எழுதுவது ஒன்று, மகளின் பதில் இன்னொன்று. அந்த மகள் என்ன செய்தாள் தெரியுமா? இன்றைக்கே அந்த வீட்டை விட்டு வெளியேறிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன் என்கிறாள். கதை முடிந்தது. அந்த இரண்டு கடிதத்தை எழுதும்போதுதான் 'பமேலா' அவருக்குள் முளைத்தது, தொகுப்பை அப்படியே வைத்துவிட்டு நாவலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆக, சரியான பதில் என்ன என்று ரிச்சர்ட்சனுக்கு நன்றாகவே தெரியும். நாவலில் பமேலா உடனே போகவில்லை. ஏன்? மிஸ்டர் பி.க்குப் பூவேலை செய்துகொண்டிருந்த இடுப்புச்சட்டையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறாள்! இதைப் பிடித்துக்கொண்டுதான் ஃபீல்டிங் கூட்டம் 'ஆஹா, பார்த்தீர்களா' என்றது. எனக்கு அங்கேதான் நாவல் என்பதே ஆரம்பிக்கிறது. போதனைக் கடிதத்தில் வரும் பெண்ணுக்குத் தயக்கம் கிடையாது, இவளுக்கு உண்டு. தன் மனசு தனக்கே முழுசாகத் தெரியாத ஒரு வேலைக்காரியை, அவளுடைய சொந்தக் குரலில் இரண்டு வால்யூம் பேசவிட்டவர் அதற்கு முன்னால் யார் இருக்கிறார்கள்? என் ஆத்மா இளவரசியின் ஆத்மாவுக்குச் சமம் என்று அவள் சொல்கிற இடத்தை 1740இல் வைத்துப் படியுங்கள்.

மொட்டைமாடி

அச்சுக்கோப்பவன் சொன்னதில் பாதி சரி. அந்த ஆத்மா சமம் என்ற வாக்கியத்திலேயே, அந்தஸ்தில் நான் கடைசி அடிமையைவிடக் கீழ் என்றும் சேர்த்துச் சொல்கிறாள். பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது.

தாழ்வாரம், நீங்கள் 'வெர்ச்சூ' என்பதை 'நற்குணம்' என்று எழுதியிருக்கிறீர்கள், கடலைமிட்டாய் 'கற்பு' என்கிறார். இரண்டு பேரும் சரி, சிக்கலே அதுதான். அதே சொல்லை ஆணுக்குப் போட்டால் நேர்மை, தைரியம், பெருந்தன்மை என்று விரிந்துகொண்டே போகும். பெண்ணுக்கு வந்ததும் ஒரே ஒரு விஷயமாகச் சுருங்கிவிடும். ஃபீல்டிங் 1742இல் 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' எழுதினார், பமேலாவின் தம்பி ஜோசப், லேடி பூபி என்ற எஜமானியிடமிருந்து தன் கற்பைக் காப்பாற்றிக்கொள்ளப் படாதபாடு படுகிறான். அக்காவுக்கு நடந்தால் கண்ணீர், தம்பிக்கு நடந்தால் காமெடி. வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பழைய_ஹானர்ஸ்

நான் இந்த நாவல்களை எல்லாம் பரீட்சைக்காகப் படித்தவன், 'ரிச்சர்ட்சன் உள்ளம், ஃபீல்டிங் உலகம்' என்று நோட்ஸ் ஒப்பித்தே பாஸ் செய்தவன். ஓய்வு பெற்றபிறகுதான் உண்மையில் படித்தேன் என்று சொல்லவேண்டும்.

ஃபீல்டிங்கைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்காரியைக் கட்டிக்கொண்ட எஜமானனை அத்தனை கிண்டல் செய்தாரே, அவருடைய முதல் மனைவி சார்லட் 1744இல் இறந்துபோனார். மூன்று வருடம் கழித்து, 1747இல், அவர் கல்யாணம் செய்துகொண்டது யாரை? சார்லட்டிடம் வேலை பார்த்த மேரி டேனியலை. அப்போது மேரி கருவுற்றிருந்தார். லண்டன் சிரிக்காமல் இருக்குமா? ஆனால் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடியது அங்கேதான். கைவிட்டுவிட்டுப் போயிருந்தால் அந்த ஊரில் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

முதல் மனைவியை நினைத்து எழுதியதுதான் 'அமேலியா', 1751 டிசம்பரில் வந்தது. மற்றவர்கள் கல்யாணத்தில் முடித்தார்கள், இவர் கல்யாணமான ஜோடியிடம் ஆரம்பித்தார். புருஷன் பூத் ஜெயிலில், சூதாட்டக் கடன், இன்னொருத்தியோடு தொடர்பு, அமேலியா எல்லாவற்றையும் மன்னித்துக்கொண்டே போகிறாள். பாவம், அந்தப் புத்தகத்துக்கு நேர்ந்த கதி வேறு. வண்டி கவிழ்ந்து அமேலியாவின் மூக்கு உடைந்தது என்று எழுதிய ஃபீல்டிங், அது சரியாகிவிட்டது என்று எழுத மறந்துவிட்டார். மூக்கில்லாத கதாநாயகி என்று ஊரே சிரித்தது, அடுத்த பதிப்புக்கு மூக்கை ஒட்டவைத்தார்.

கோல்ட்ஸ்மித்தின் 'விகார் ஆஃப் வேக்ஃபீல்டு' (1766) இந்த வரிசையில் கொஞ்சம் இளப்பமாகப் பேசப்படுவது எனக்குப் பிடிக்காது. வக்கீல்குமாஸ்தா சொன்ன போலிப் பாதிரியார் விவகாரம் அதில் தலைகீழாக வருகிறது. பாதிரியார் பிரிம்ரோஸின் மகள் ஒலிவியாவை நாடகக் கல்யாணம் செய்து ஏமாற்றிவிட்டதாக ஜமீன்தார் நினைத்துக்கொண்டிருக்க, அவன் ஏவிய தரகனோ அசல் லைசன்ஸ், அசல் பாதிரியாரையே கொண்டுவந்திருக்கிறான், பிற்பாடு மிரட்டிப் பணம் பறிக்க வசதியாக இருக்குமே என்று. அயோக்கியனின் பேராசையால் ஒரு பெண்ணின் மானம் தப்பிக்கிறது. நம் பக்கத்துக்கு அந்த நாவல் வந்த வழியும் சுவாரசியமானது. ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் 1878 வாக்கில் எழுதிய தெலுங்கு நாவல் 'ராஜசேகர சரித்திரமு'க்குத் தூண்டுகோல் அதுதான். மகள்களின் கல்யாணக் கவலையில் இருக்கும் நல்ல மனிதர், பணம் போய்க் குடும்பத்தோடு தெருவுக்கு வருவது, இந்த எலும்புக்கூடு கோதாவரிக் கரைக்கு அப்படியே பொருந்திவிட்டது.

தாழ்வாரம்

மூக்கு விஷயம் தெரியாது, சிரித்துவிட்டேன்.

இடுப்புச்சட்டை பற்றி அச்சுக்கோப்பவன் சொன்னது என்னை யோசிக்க வைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளுக்குத் தயக்கம் இருந்தது என்பதால் அவன் செய்தது சரியாகிவிடுமா? என் கோபம் பமேலா மேல் இல்லை, அதைப் பரிசு என்று அழைத்தவர் மேல்.

அச்சுக்கோப்பவன்

சரியாகாது. ரிச்சர்ட்சனுக்கே அது உறுத்தியிருக்கிறது என்பேன், ஏனென்றால் அடுத்து அவர் எழுதியது 'கிளாரிசா' (1747-48). பமேலாவுக்கு அவர் எழுதிய மறுப்பு என்றே நான் அதைப் படிக்கிறேன்.

கடலைமிட்டாய்

ஏழு வால்யூம்! அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் சொன்னது தெரியுமில்லையா, ரிச்சர்ட்சனைக் கதைக்காகப் படித்தால் பொறுமை போய்த் தூக்குப் போட்டுக்கொள்வாய் என்று.

வக்கீல்குமாஸ்தா

ஜான்சன் அதோடு நிறுத்தவில்லை, உணர்வுக்காகப் படி என்றும் சேர்த்துத்தான் சொன்னார்.

கதைக்காகப் படிக்காதே, சொத்துக்காகப் படி என்பேன் நான். கிளாரிசா ஹார்லோவின் தாத்தா தன் எஸ்டேட்டை மகன்களையும் பேரனையும் விட்டுவிட்டு இவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறார். அங்கே பிடித்தது சனி. அண்ணன் ஜேம்ஸுக்கு எல்லாச் சொத்தையும் ஒரே இடத்தில் குவித்து பிரபு பட்டம் வாங்கவேண்டும், அக்கா அரபெல்லாவுக்குப் பொறாமை. சோம்ஸ் என்ற அருவருப்பான பணக்காரனுக்கு இவளைக் கட்டிவைக்கக் குடும்பமே சேர்ந்து அறையில் பூட்டுகிறது. அந்த ஆளின் தகுதி அவன் எழுதித்தரத் தயாராக இருக்கும் நிலம்தான். பமேலாவை அடைத்தவன் அந்நியன், கிளாரிசாவை அடைத்தது பெற்ற அப்பா. பூட்டு என்னவோ ஒன்றுதான்.

அந்தக் காலச் சட்டப்படி கல்யாணமானதும் பெண்ணின் ரொக்கமும் நகையும் புருஷனுடையது, நிலத்தின் வருமானமும் அவன் கைக்கு. சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1765இல் அழகாக எழுதிவைத்தார், புருஷனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். அந்த ஒரு ஆள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. 1870இலும் 1882இலும் வந்த சட்டங்கள்தான் இதை மாற்றின. பமேலாவிடம் இழக்கச் சொத்து எதுவும் இல்லை, அதனால் அவளுக்குக் கல்யாணம் லாபமாகத் தெரிந்தது. கிளாரிசாவிடம் இருந்தது.

விவாகரத்தா? 1857 வரை, மறுகல்யாணம் செய்துகொள்ளக்கூடிய முழு விவாகரத்து வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே போடவேண்டும். அப்படிப் போட்டு வாங்கிய பெண்கள் மொத்தம் நான்கே நான்கு பேர்.

அச்சுக்கோப்பவன்

நன்றி குமாஸ்தா, இனி நான் தொடர்கிறேன். இந்த நெருக்கடியில் லவ்லேஸ் என்ற மைனரை நம்பி வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அவன் லண்டனில் விபசார விடுதி ஒன்றில் கொண்டுபோய் வைத்து, மருந்து கொடுத்து மயக்கிக் கெடுத்துவிடுகிறான். அப்புறம் எல்லாரும் ஒரே வாயாகச் சொல்வது என்ன? அவனையே கட்டிக்கொள். உயிர்த்தோழி ஆன்னா ஹோகூட அதைத்தான் எழுதுகிறாள். லவ்லேஸின் பெரிய மனிதச் சொந்தக்காரர்கள் வந்து கெஞ்சுகிறார்கள், அவனும் தயார். கிளாரிசா முடியாது என்கிறாள். என்னைக் கெடுத்தவன் என் கௌரவத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்ல அவன் யார் என்ற பார்வை. தாழ்வாரம், உங்கள் கேள்வியை ஏழு வருடத்தில் ரிச்சர்ட்சனே கேட்டுவிட்டார்.

வாசகர்கள் விட்டார்களா? புத்தகம் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தபோதே லேடி பிராட்ஷே என்ற அம்மாள் பெயரை மாற்றிக்கொண்டு ரிச்சர்ட்சனுக்குக் கடிதமேல் கடிதம் எழுதினார், அவளைச் சாகவிடாதே, லவ்லேஸைத் திருத்திக் கட்டிவை என்று. அந்த அம்மாளின் சகோதரி லேடி எக்லின், நீ மாற்றாவிட்டால் என்ன என்று தானே வேறு முடிவு எழுதிவைத்தார். ரிச்சர்ட்சன் அசையவில்லை.

மொட்டைமாடி

அசையவில்லை, சரி. ஆனால் கிளாரிசா முடியாது என்று சொன்னதற்குக் கொடுத்த விலை என்ன? சாவு. சவப்பெட்டியை முன்கூட்டியே வரவழைத்து அறையில் வைத்து அதையே மேஜையாக்கிக் கடிதம் எழுதுகிறாள். ரிச்சர்ட்சன் நூறு நூறு பக்கமாக அவளைச் சாகடிக்கிறார். கல்யாணம் அல்லது சவப்பெட்டி, மூன்றாவது கதவு அவருக்குத் தோன்றவே இல்லை. 'பமேலாவுக்கு மறுப்பு' என்று நீங்கள் கொண்டாடுவதில் எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை.

பெண்கள் எழுதியதையும் கொஞ்சம் படியுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது. ஹேவுட்டின் 'பெட்ஸி தாட்லெஸ்' (1751). பெட்ஸி கொஞ்சம் விளையாட்டுப் புத்தி, அவ்வளவுதான் குற்றம். நல்லவனை நழுவவிட்டு, சொந்தக்காரர்கள் நெருக்கியதால் மண்டன் என்பவனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் வீட்டுச் செலவுப் பணத்தில் கை வைக்கிறான், இவள் கணக்குப் பேசினால் சத்தம் போடுகிறான். ஒருநாள் அந்தச் சண்டையில் அவள் செல்லமாக வளர்த்த அணிலைத் தூக்கிக் கணப்பு அடுப்பின் பளிங்கில் அடித்துக் கொன்றுவிடுகிறான். இரண்டு வரிதான். லவ்லேஸின் அத்தனை சாகசத்தையும்விட அந்த அணில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒருவன் வில்லனாக இருக்க விடுதியும் மருந்தும் வேண்டாம், ஒரு சாதாரணச் சாயங்காலம் போதும் என்று ஹேவுட்டுக்குத் தெரிந்திருக்கிறது. பெட்ஸி வீட்டை விட்டு வெளியேறவும் செய்கிறாள். பிறகு அவன் சாகக் கிடக்கும்போது திரும்பி வந்து பணிவிடை செய்து, அவன் போனபின் நழுவவிட்ட நல்லவனையே கட்டிக்கொள்கிறாள். 1751இல் புத்தகம் விற்க அவ்வளவு சமரசம் செய்யவேண்டியிருந்தது போல.

ஃபிரான்சஸ் ஷெரிடனின் 'சிட்னி பிடல்ஃப்' (1761) இன்னும் கொடுமை. அம்மா சொல்லைத் தட்டாத பெண், அதற்காகவே வாழ்க்கை முழுக்க அடிமேல் அடி. ஒழுக்கமாக இருந்தவளுக்குப் பரிசு எங்கே என்று ரிச்சர்ட்சனிடமே கேட்கிற மாதிரி. ஜான்சன் ஷெரிடனிடம், வாசகர்களை இவ்வளவு வேதனைப்படுத்த உங்களுக்குத் தார்மீக உரிமை உண்டா என்று கேட்டாராம். அந்த ஊரில் ஒரு பெண் எழுத்தாளருக்குக் கிடைத்த உச்சபட்சப் பாராட்டு அதுவாகத்தான் இருக்கும்.

கடலைமிட்டாய்

அணில் 😢

யாரும் இன்னும் ஜேன் ஆஸ்டின் பக்கம் வரவில்லையே? 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) படம் பார்த்தவர்கள் எல்லாரும் கதாநாயகன் மிஸ்டர் டார்சி பெருமையே பேசுகிறார்கள். லிடியாவைப் பற்றிக் கேட்டால் 'அந்த அசட்டுத் தங்கைதானே' என்பார்கள். லிடியா 15 முடிந்து 16 வயது, விக்கம்மோடு ஓடிப்போகிறாள், கிரெட்னா கிரீன் போகிறோம் என்று சீட்டு வேறு எழுதிவைத்துவிட்டு. போனது லண்டனுக்கு, கல்யாணம் எதுவும் இல்லாமல். உடனே பாதிரியார் காலின்ஸ் அப்பாவுக்கு ஆறுதல் கடிதம் எழுதுகிறார், இதைவிட உங்கள் மகள் செத்துப்போயிருந்தால் அது பாக்கியம் என்று! 66 வருடம் கழித்தும் அதே கல்யாணம் அல்லது சவப்பெட்டி.

வக்கீல்குமாஸ்தா

அருமையான இடம். கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். லிடியாவின் பங்கு 1,000 பவுண்டு. அதுவும் அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு. அதற்காக யார் கட்டுவார்கள்? டார்சி போய் விக்கம்மின் கடன் ஆயிரத்துக்கும் மேலே அடைத்து, லிடியா பெயரில் இன்னும் ஆயிரம் எழுதிவைத்து, ராணுவத்தில் பதவியும் வாங்கிக் கொடுத்தபிறகுதான் அந்தக் 'கல்யாணம்' நடக்கிறது. மிஸ்டர் பி. நீட்டிய 500 கினி ஞாபகம் வருகிறதா? அங்கே பெண்ணைக் கெடுக்க ஆண் கொடுக்க முன்வந்த பணம், இங்கே கெடுத்தவன் கட்டிக்கொள்ள அவனுக்கே கொடுத்த பணம். ஆஸ்டின் இதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் ரசீது மாதிரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார். லிடியாவின் அம்மா மிசஸ் பென்னட் மட்டும் ஒரு மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று குதிக்கிறாள்.

பழைய_ஹானர்ஸ்

அதே நாவலில் வரும் சார்லட் லூகாஸை மறந்துவிடாதீர்கள். 27 வயது, சொத்து இல்லை, அழகும் இல்லை, காலின்ஸை ஒரே வாரத்தில் முடிவு செய்து கட்டிக்கொள்கிறாள். அவள் தோழியும் கதாநாயகியுமான எலிசபெத்துக்கு அதிர்ச்சி. கல்லூரியில் நானும் எலிசபெத் பக்கம்தான் எழுதினேன். இப்போது படித்தால், தன் அறையை வீட்டின் பின்பக்கம் வைத்துக்கொண்டு, புருஷனைத் தோட்டவேலைக்கு உற்சாகப்படுத்தி வெளியே அனுப்பிவிடுகிற அந்தச் சாமர்த்தியம் மனதை என்னவோ செய்கிறது. பணத்துக்காக, மனமில்லாமல் கட்டிக்கொள்வதும் ஒருவகை விபசாரம் என்று 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேஃபோ 1727இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். டேஃபோவிடம் சார்லட்டைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை.

ஆஸ்டினே 1802 டிசம்பரில் ஹாரிஸ் பிக்-விதர் என்ற வசதியான வாலிபர் கேட்டபோது ராத்திரி சரி என்று சொல்லி, விடிந்ததும் வேண்டாம் என்று சொன்னவர். வேண்டாம் என்றதால் கிடைக்காமல் போன வீடும் வசதியும் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். சார்லட்டை அவர் கேலி செய்யாமல் விட்டதற்கு அது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மொட்டைமாடி

நடுவில் ஒருவரை விட்டுவிட்டீர்கள். மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் 'மரியா', முடிக்காமலேயே இறந்துபோனார், 1798இல் வெளியானது. மரியாவின் புருஷன் அவளைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவைக்கிறான், கைக்குழந்தையைப் பிடுங்கிக்கொள்கிறான். அதற்கு முன்னால் பணத்துக்காகத் தன் நண்பனிடம் அவளைப் பேரம் பேசியவன். கல்யாணம் என்னை ஆயுளுக்கும் பாஸ்டில் சிறையில் போட்டுவிட்டது என்கிறாள் மரியா. வழக்கு நடக்கும்போது நீதிபதி, ஒழுக்கமான எந்தப் பெண்ணாவது தன் உணர்ச்சிகளைப் பற்றி யோசித்ததுண்டா என்று கேட்கிறார்.

அந்தப் பூட்டிய அறை இருக்கிறதே, பமேலாவில் லிங்கன்ஷயர் பங்களா, கிளாரிசாவில் அப்பா வீடும் அப்புறம் விடுதியும், இங்கே பைத்தியக்கார விடுதி. மூன்றாவதில் வந்துதான் பூட்டியவன் கையில் சாவியோடு சட்டமும் இருந்தது என்று ஒருத்தி நேராக எழுதினாள்.

அது இருக்கட்டும். தாழ்வாரம், உங்கள் முதல் பதிவில் சாலி காட்ஃப்ரி இல்லையே? 'பமேலா'வில் எனக்கு முக்கியமான ஆள் அவள்தான்.

தாழ்வாரம்

யார் அது? மிஸ்டர் பி.யின் பழைய தொடர்பா? கடைசியில் வேகவேகமாகப் புரட்டினேன், எரிச்சலில்.

மொட்டைமாடி

அதேதான். போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

தாழ்வாரம்

படித்தேன். முதல் பதிவில் எழுதியதை அழிக்கவில்லை, இதைச் சேர்க்கிறேன்.

சாலி நல்ல குடும்பத்துப் பெண். மிஸ்டர் பி. படித்துக்கொண்டிருந்த காலத்தில் பழகி, அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறக்கிறது. கல்யாணம் இல்லை, பரிசும் இல்லை. அவமானம் தாங்காமல் குழந்தையை இங்கேயே விட்டுவிட்டு ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறாள், அங்கே விதவை என்று சொல்லிக்கொண்டு ஒருவரைக் கட்டிக்கொண்டு சௌகரியமாக இருக்கிறாள். குழந்தை இங்கிலாந்தில், மிஸ்டர் பி.யை அப்பா என்று தெரியாமல் மாமா என்று கூப்பிடுகிறது. பமேலா அதைப் பார்த்து உருகி, நம் வீட்டிலேயே வளர்க்கலாம் என்று கேட்கிறாள். 'கெட்டுப்போனவள்' சாகாமல் உயிரோடு, வேறு பெயர் சொல்லிக்கொண்டு பிழைத்திருக்கிறாள், மொட்டைமாடி கேட்ட மூன்றாவது கதவு ரிச்சர்ட்சனின் முதல் நாவலிலேயே இருந்திருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்.

ஆனால் நான் எழுத வந்தது அதுகூட இல்லை. சாலி ஜமைக்காவிலிருந்து மகளுக்குப் பரிசு அனுப்புகிறாள். பத்து வயது கறுப்பினச் சிறுவன், மகளுக்கு எடுபிடி வேலை செய்ய. கரையிறங்கி ஒரு மாதத்தில் அவன் அம்மை கண்டு இறந்துபோகிறான். மிஸ்டர் பி. இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான், பமேலாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பக்கம் என் பிரதியில் 'வேகவேகமாகப் புரட்டிய' பக்கமும் இல்லை. அதில் பென்சில் கோடு போட்டிருக்கிறேன், குழந்தையின் அழகைச் சொல்லும் வரிக்குக் கீழே.